கறுப்புக் கல்லும் உயர்ந்த நிலைப்படியும்: செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு ரோபோ வேக்குவம்

பள்ளத்தூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் இப்போது நிரந்தரமாக இருப்பவர்கள் ஆத்தாவும் நானும் மட்டுந்தான். பின்கட்டைப் பூட்டி வைத்துவிட்ட போதிலும், முகப்பு 600, முற்றத்தைச் சுற்றிய நடுப்பகுதியான வளவு 900, அதை அடுத்த இரண்டாங்கட்டு 700 என்று ஏறத்தாழ 2,200 சதுர அடித் தரை நாள்தோறும் பெருக்கப்பட வேண்டியதாக இருக்கிறது. ஓடு வேய்ந்த கூரையிலிருந்து உதிரும் தூள், வளவின் நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும் முற்றமான வாசல் வழியே காற்று கொண்டுவரும் செம்மண் புழுதி, வேப்பஞ்சருகு, மரவிட்டத்தில் குடியிருக்கும் புறாக்களின் இறகு ஆகியவை ஒரு நாள் விட்டால் மறுநாள் காலடியில் நறநறக்கும். பல ஆண்டுகளாகப் பெருக்கித் துடைத்து வந்த அக்கா, முழங்கால் வலியால் இனி வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வர முடியும் என்று சொன்னபோதுதான் தானே ஓடித் தரையைப் பெருக்கும் ரோபோ வேக்குவம் வாங்கும் எண்ணம் எனக்கு வந்தது. வாங்கி ஆறு மாதம் ஆகிறது. தேர்ந்தெடுத்த விதத்தையும், இடையில் செய்த பிழைகளையும், அதற்காக வீட்டில் செய்ய வேண்டியிருந்த மரவேலையையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

முதலில் நானும் எல்லோரையும் போல உறிஞ்சுதிறன் எண்களைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியில் 5,000 பாஸ்கல் என்றும் இன்னொன்றில் 12,000 பாஸ்கல் என்றும் அச்சிட்டிருந்தால், பெரிய எண் உள்ளதே நல்லது என்று மனம் தானாகச் சாய்கிறது. ஆனால் பாஸ்கல் என்பது அழுத்த வேறுபாட்டின் அளவு மட்டுமே. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1,01,325 பாஸ்கல் என்பதால், 5,000 பாஸ்கல் என்பது அதில் இருபதில் ஒரு பங்கு. தரையில் கிடக்கும் மணலைத் தூக்கிச் செல்வது அந்த அழுத்த வேறுபாட்டோடு சேர்ந்து ஓடும் காற்றின் அளவும், தூசியைக் கிளப்பிவிடும் உருளைத் தூரிகையுமே ஆகும். நூலுக்குள் புகுந்த அழுக்கை இழுக்க வேண்டிய கம்பள வீட்டுக்குத்தான் அதிக எண் பயன்படும். எங்கள் வீட்டைப் போல வழவழப்பான கல்தரைக்கு 3,000 பாஸ்கலே போதும் என்பது என் அனுபவம். இந்த எண்ணுக்காக நான் செலவிட்ட இரண்டு வாரங்களை வீட்டை அளப்பதில் செலவிட்டிருக்கலாம்.

அளக்க வேண்டும் என்பதை எனக்கு உணர்த்தியது, மதுரையில் இருக்கும் என் மைத்துனர் பொங்கலுக்கு வந்தபோது எடுத்து வந்த அவருடைய ரோபோதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓராண்டாகக் குறையின்றி ஓடிய அந்தக் கருவியை எங்கள் வளவில் இறக்கிவிட்டோம். அது பத்தடி ஓடி, தரையில் பூவேலைக்கு ஓரமாகப் பதித்திருந்த கறுப்புப் பட்டையின் முன் நின்றது, பின்வாங்கியது, திரும்பி வேறு திசையில் போய் அங்கேயும் அதே பட்டையைக் கண்டு நின்றது. நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை சூழ்ந்த ஒரு சதுரத்துக்குள் சிறைப்பட்டதுபோல் அது சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து, ‘இதுக்கு யாரோ கோடு கிழிச்சு வச்ச மாதிரியில்ல நிக்குது!’ என்று ஆத்தா சிரித்தார்கள்.

காரணம் இதுதான். படிக்கட்டில் விழாமல் இருப்பதற்காக இந்தக் கருவிகளின் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி, பள்ளம் அறியும் உணரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அகச்சிவப்பு ஒளியைத் தரையை நோக்கி அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. திரும்பி வந்தால் தரை இருக்கிறது; வராவிட்டால் பள்ளம். கறுப்பு நிறம் அந்த ஒளியை விழுங்கிவிடும்போது, கண்முன் இருக்கும் கெட்டித் தரையையே கருவி பாதாளமாக எடுத்துக்கொள்கிறது. ஆத்தங்குடிப் பூக்கல் என்னும் பூவேலைத் தரைக்கல் பதித்த வீடுகளில் கறுப்புக் கோடோ, கறுப்புச் சதுரமோ இல்லாத தரையைக் காண்பது அரிது. வெள்ளையும் கறுப்பும் மாறிமாறிப் பதித்த சலவைக்கல் கூடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இணையத்தில் இதற்கு ஒரு கைவைத்தியம் சொல்கிறார்கள்: உணரிகளின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டால் ஒளி தாளிலேயே பட்டுத் திரும்பிவிடும், கருவியும் நிற்காமல் ஓடும். மைத்துனர் அதை உடனே செய்து பார்த்தார். கருவி கறுப்புப் பட்டையைத் தாண்டியது; தாண்டிய வேகத்திலேயே, ஓரடி தாழ்ந்திருக்கும் வளவு வாசலை நோக்கிப் போயிற்று. முன்சக்கரம் விளிம்புக்கு வெளியே போன கணத்தில் நான் அதைக் கையால் பிடித்திராவிட்டால், கீழே கல்லில் விழுந்து நொறுங்கியிருக்கும். நடுவில் திறந்த வாசல் உள்ள வீட்டில் உணரியின் கண்ணைக் கட்டுவது கூடாது. ஆகவே, கறுப்பைத் தரையென்றும் பள்ளத்தைப் பள்ளமென்றும் பிரித்தறியும் கருவியைத் தேடுவதைத் தவிர வேறு வழி இல்லை என்று முடிவு செய்தேன்.

அன்று மாலையே அளவுநாடாவை எடுத்தேன். முகப்பிலிருந்து வளவுக்குள் நுழையும் நிலைப்படி 14 செ.மீ. உயரம்; வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போகும் படி 11 செ.மீ.; வளவைச் சுற்றிப் புள்ளிக்கு (மணமான ஒரு தம்பதிக்கு) ஒன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் அறைகளின் படிகள் ஒவ்வொன்றும் 4.5 செ.மீ. பொதுவாக விற்பனைக்கு வரும் கருவிகள் ஏறக்கூடிய உயரம் 2 செ.மீ. அளவில் இருக்கிறது. சக்கரத்தைக் கீழே நீட்டித் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் விலையுயர்ந்த வகைகளும் வந்துவிட்டன. அவற்றாலும் எங்கள் பாட்டனார் காலத்துக் கல்படியை ஏற முடியாது. எனவே வீடு முழுவதையும் ஒரே மூச்சில் பெருக்கும் கருவி என்ற கனவை அன்றே விட்டுவிட்டு, மூன்று கட்டுகளையும் மூன்று தனி வீடுகளாகக் கருத வேண்டும் என்று தெளிந்தேன். நாமே கையில் தூக்கிச் சென்று அந்தந்தக் கட்டில் இறக்கிவிட வேண்டும். குறைந்தது மூன்று வரைபடங்களைத் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும் கருவியாக அது இருக்க வேண்டும். இது மாடி வீடுகளுக்காக ஏற்படுத்தப்பட்ட வசதி. எங்களுக்குக் கட்டுதான் மாடி.

வழியறியும் முறையிலும் தேர்வு தேவைப்பட்டது. மலிவான கருவிகள் சக்கரச் சுழற்சியையும் திருப்பத்தையும் கணக்கிட்டுக் குத்துமதிப்பாக ஓடுகின்றன. சில, கேமராவால் சுவரையும் கூரையையும் பார்த்து இடத்தை அறிகின்றன. லைடார் வகையோ, தலையில் சுழலும் லேசரால் நாற்புறமும் தொலைவை அளந்து வரைபடம் போடுகிறது. எங்கள் உள்ளறைகளில் பகலிலும் விளக்குப் போட்டால்தான் வெளிச்சம் என்பதால் கேமராவை மட்டும் நம்பும் வகை ஒத்துவராது. லைடாருக்கு இருட்டு ஒரு பொருட்டல்ல. ஆனால் அந்தச் சுழலும் தலைக்காக உயரம் கூடுகிறது. நான் பார்த்தவை 9.5 செ.மீ.க்கு மேல் இருந்தன. நாற்காலி, கட்டில், பெஞ்சு ஆகியவற்றின் அடி இடைவெளியை அளந்தபோது, ஐயா காலத்துச் சாய்வு நாற்காலியின் குறுக்குச் சட்டம் சரியாக 9.5 செ.மீ.யில் இருந்தது. நுழைந்தும் நுழையாமலும் சிக்கிக்கொள்ளும் அளவு அதுதான். நாற்காலியை இடம் மாற்றினேன்.

கடையில் சோதித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று உறுதியாக இருந்தேன். கறுப்புத் தாளை விரித்துச் சோதிக்கலாமே என்று கடைக்காரர் தொலைபேசியில் சொன்னார். ஆனால் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் அகச்சிவப்புக்கும் கறுப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. சில மைகள் அந்த ஒளியை நன்றாகவே திருப்பி அனுப்பும். எனவே எங்கள் சாமான் அறையில், உடைந்தால் மாற்றுவதற்கென்று அந்தக் காலத்திலேயே எடுத்து வைத்திருந்த மிச்சக் கற்களில் முழுக் கறுப்பாக இருந்த ஆறைத் தூசி தட்டி, இரண்டு பைகளில் போட்டு எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். எட்டங்குலக் கல் ஆறும் சேர்ந்து பத்துக் கிலோவுக்குக் குறையாது. கடையில் இருந்த இளைஞர் முதலில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாலும், காரணத்தைச் சொன்னதும் அவரே ஆர்வமாகக் கல்லை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

ஆறு கல்லையும் இரண்டு வரிசையாக நெருக்கி வைத்து, கருவியின் அடிப்பக்கம் முழுவதும் கறுப்பின் மேல் வரும்படி நடுவில் இறக்கி, பொத்தானை அழுத்தினோம். முதல் கருவி அசையவே இல்லை. பள்ளம் அறியும் உணரியைத் துடைக்கும்படி ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு அணைந்துவிட்டது. இரண்டாவது, ஒரு கல் தூரம் போய்ப் பின்வாங்கியது. மூன்றாவது எந்தத் தயக்கமும் இல்லாமல் கல்லைக் கடந்து கடையின் தரைக்கு இறங்கியது. உடனே அதை ஒரு மேசையின் மேல் வைத்து, இருவரும் இரண்டு பக்கமும் கையேந்தி நின்றுகொண்டு ஓடவிட்டோம். விளிம்பில் சட்டென்று நின்று திரும்பியது. எனக்கு வேண்டியிருந்த இரண்டு குணமும் அதில் இருந்தன. விலையில் அது நடுத்தரமானது என்பதும், உறிஞ்சுதிறன் எண்ணில் மூன்றிலும் கடைசி என்பதும் குறிப்பிடத்தக்கவை.

தானே குப்பையைக் காலி செய்துகொள்ளும் நிலையத்துடன் கூடிய வடிவத்தை வாங்கும்படி கடையில் வற்புறுத்தினார்கள். அது நல்ல வசதிதான். அடுக்குமாடிக்கு வாங்குகிறவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் எங்கள் கருவி மூன்றில் இரண்டு கட்டுகளில் நிலையமே இல்லாமல், இறக்கிவிட்ட இடத்திலிருந்து புறப்பட்டு அதே இடத்துக்குத் திரும்பப் போகிறது. எப்படியும் குப்பைப் பெட்டியைக் கையால்தான் கொட்ட வேண்டும் என்னும்போது, அந்த நிலையத்துக்கும் அதற்கு அவ்வப்போது வாங்க வேண்டிய பைகளுக்கும் பணம் கொடுப்பானேன்? சார்ஜ் ஏற்றும் சிறு பீடம் மட்டும் உள்ள வடிவத்தை எடுத்தேன்.

வீட்டில் அதை நிலைநிறுத்தியது தனிக் கதை. பீடத்தை வளவின் சுவரோரம், இரண்டு பக்கமும் அரை மீட்டர், முன்னால் ஒன்றரை மீட்டர் இடம்விட்டு வைத்தேன். வைஃபை ரௌட்டர் முகப்பில் இருக்கிறது; நடுவே இரண்டடிக் கனமுள்ள சுவர்கள். போதாக்குறைக்கு, இந்தக் கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில்தான் கண்டேன். ரௌட்டரின் அருகே கருவியை எடுத்துச் சென்று இணைப்பை முடித்துவிட்டு, வைஃபை அலையை வாங்கி மேலும் பரப்பும் ஒரு ரிப்பீட்டரையும் வளவில் பொருத்திய பிறகே செயலியில் வரைபடம் சீராக வந்தது. வந்த வரைபடத்தில் அலமாரிச் சுவருக்கு அப்பால் ஓர் அறை கூடுதலாக இருந்தது. தரைவரை கண்ணாடி பதித்த மர அலமாரியில் பட்ட லேசர், கண்ணாடிக்குள் தெரிந்த பிம்பத்தையும் உண்மை அறையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. பங்கு பிரித்து முடிந்த வீட்டில் புதிதாக ஓர் அறை முளைத்தால் பங்காளிகள் சும்மா இருப்பார்களா? கண்ணாடியின் அடிப்பகுதியில் தரையிலிருந்து அரையடி உயரத்துக்குப் பழுப்புத்தாள் ஒட்டி மீண்டும் வரைபடம் எடுத்ததும் அது மறைந்தது.

வளவு வாசலின் விளிம்பைச் சுற்றிச் செயலியில் தடைக்கோடு போட்டேன். ஆயினும் அதை மட்டும் நம்ப மனம் ஒப்பவில்லை. கட்டுவிட்டுக் கட்டுக்குத் தூக்கிச் செல்லும் கருவி, சில நேரம் தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துவிட்டால், கோடும் அதனோடு சேர்ந்து நகர்ந்துவிடும். நேர்வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால், உச்சிப்பொழுதில் வாசலோரம் விழும் வெயில் உணரியைக் குழப்பக்கூடும். ஒருநாள் பதினொரு மணிக்கு ஓடவிட்டபோது, வெயில் விழுந்த ஓரத்தில் அது காரணமின்றி நின்று நின்று போனதை நானே பார்த்தேன். எனவே ஆசாரியை வரச்சொல்லி, ஒன்றரை அங்குல உயரத்தில் தேக்கு ரீப்பர்களை அறுத்து, அடியில் ரப்பர் ஒட்டி, தூணுக்குத் தூண் விளிம்பையொட்டிக் கிடத்தும்படி செய்தேன். ஆணி அடிக்கவில்லை, விசேஷ நாளில் எடுத்துவிடலாம்.

அறைகளின் 4.5 செ.மீ. படிக்குச் சாய்பலகையும் அவரே செய்து கொடுத்தார். நீளத்தை 30 செ.மீ. வைத்தால் சரிவு எட்டரை பாகைக்கு அருகில் வருகிறது. கருவி எளிதாக ஏறிவிடுகிறது. முதலில் இருபது செ.மீ. நீளத்தில் செய்து பார்த்ததில், ஏறியதும் உச்சியில் வயிறு தட்டி, சக்கரம் அந்தரத்தில் சுழன்றது. பலகையின் மேல் வழுக்காமலிருக்க உப்புத்தாள் ஒட்டினோம். இதில் தச்சு வேலையைவிடக் கடினமாக இருந்தது ஆத்தாவைச் சம்மதிக்க வைத்ததுதான். ‘நிலைப்படியை மிதிச்சாலே ஆகாதும்பாக, நீ அது மேல பலகையைப் போட்டு வண்டி ஓட்டுறியா?’ என்று கேட்டார்கள். பலகை படியின் மேல் ஏறாமல் இரண்டு பக்கமும் படியை ஒட்டி மட்டும் நிற்கும் என்றும், பெருக்கி முடிந்ததும் எடுத்துவிடுவேன் என்றும் செய்து காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார்கள். சாமி அறைக்கு மட்டும் பலகை இல்லை. அந்த அறைக்குக் கருவியே போகாது.

நேரம் குறிப்பதிலும் ஆத்தாவின் சொல்தான் நின்றது. பகலில் ஆள் நடமாட்டம் இருப்பதால் மாலை ஆறரைக்கு ஓடும்படி நான் அமைத்திருந்தேன். விளக்கேற்றும் நேரத்தில் அது பெருக்கக் கிளம்பியதும் வீடே அதிர்ந்தது. விளக்கு வைத்த பிறகு பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்பது மனிதருக்கு மட்டுமல்ல, இயந்திரத்துக்கும் பொருந்துமாம். இப்போது காலை ஏழு மணிக்கு வளவு, அது முடிந்து சார்ஜ் ஏறிய பின் முற்பகலில் முகப்பு, ஒருநாள் விட்டு ஒருநாள் பிற்பகலில் இரண்டாங்கட்டு. ஊருக்குப் போகிறவர் படியிறங்கிய உடனே வீட்டைப் பெருக்கக் கூடாது என்பதால், விருந்தினர் புறப்படும் நாளில் அட்டவணையை நிறுத்தி வைக்கவும் கற்றுக்கொண்டேன்.

துடைக்கும் வசதியைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஆத்தங்குடிப் பூக்கல் சூளையில் சுட்ட ஓடு அன்று. கண்ணாடித் தகட்டின் மேல் நிறக்கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்தி எடுப்பது. அதன் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது, மேற்பூச்சு எதுவும் இல்லை. ஆகையால் அமிலம் கலந்த தரைக்கழுவியை அதன் மேல் விடவே கூடாது. கருவியின் தண்ணீர்த் தொட்டியில் வெறும் தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறேன். பெருக்குவதும் துடைப்பதும் ஒரே ஓட்டத்தில் நடந்தால், எங்கள் செம்மண் தூசி ஈரத்துணியில் ஒட்டிச் சேறாகி, தரை முழுவதும் மெல்லிய கோடுகளாக இழுபடுகிறது. எனவே முதலில் துணியைக் கழற்றிவிட்டுப் பெருக்கல், பிறகு துணியைப் பொருத்தித் துடைத்தல். ஒரு வெள்ளிக்கிழமை, சாமி அறை வாசலில் சிந்தியிருந்த குங்குமத்தின் மேல் ஈரத்துணியோடு அது ஏறி, இருபதடி நீளத்துக்குச் சிவப்புக் கோடு போட்டுவிட்டது. அதைத் தேய்த்து எடுக்க எனக்கு அரைநாள் ஆயிற்று. வெள்ளைக் கல்லில் ஓரிடத்தில் இன்னும் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. சாமி அறை வாசலைச் சுற்றி இப்போது துடைக்கத் தடைக்கோடு இருக்கிறது.

மாதத்துக்கு ஒருமுறை கல்லுக்குத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதற்கு மறுநாள் கருவியை ஓடவிட்டதில் சக்கரம் வழுக்கி, வரைபடத்தில் வழி கோணலாயிற்று. எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பிய சக்கரங்களைப் பழந்துணியால் துடைத்தெடுக்க வேண்டி வந்தது. எண்ணெய் தொட்ட பிறகு இரண்டு நாள் அதற்கு ஓய்வு கொடுக்கிறேன். சுவரில் காரை உதிர்ந்த இடத்திலும் அதை விடுவதில்லை. சுண்ணாம்புத் தூள் மிக நுண்ணியது. ஒரே நாளில் வடிகட்டியை அடைத்து, உறிஞ்சும் ஒலியே மாறிவிட்டது. அப்படிப்பட்ட தூளைத் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளுவதே முறை.

பராமரிப்பில் சொல்ல அதிகம் இல்லை. வளவைப் பெருக்க ஏறத்தாழ எண்பது நிமிடம் ஆகிறது. குப்பைப் பெட்டி அதற்குள் முக்கால்வாசி நிறைகிறது. வாரம் ஒருமுறை உருளையில் சுற்றிய தலைமுடியைக் கத்தரித்து, பள்ளம் அறியும் உணரிகளை உலர்ந்த துணியால் துடைக்கிறேன். கைப்பேசியின் முன்கேமராவில் அவற்றைப் பார்த்தால் ஊதாநிறத்தில் மினுங்குவது தெரியும். ஏதாவது ஒன்று மினுங்காவிட்டால் அதில் அழுக்கோ பழுதோ இருக்கிறது என்று அறியலாம். மின்செலவு பொருட்படுத்தத் தக்கதன்று: 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர் மணி என்றால் 75 வாட் மணிதான். சார்ஜ் ஏற்றுவதில் வீணாவதைச் சேர்த்தாலும் ஒரு முழுச் சார்ஜுக்குப் பத்தில் ஒரு யூனிட்டுக்கு மேல் போகாது. எங்கள் ஊரில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் பீடத்தை ஸ்டெபிலைசர் வழியாகவே இணைத்திருக்கிறேன்.

தூணடிக் கல்லின் மூலைகளும் சுவர் மூலைகளும் வட்டமான உடலுக்கு எட்டுவதில்லை. அக்கா வரும் இரண்டு நாளில் அவற்றையும், ஒட்டடையையும், திண்ணையையும் பார்த்துக்கொள்கிறார். வளவுக்கும் இரண்டாங்கட்டுக்கும் இடையே சாய்பலகை போட்டால் தூக்கிச் செல்லும் வேலை மிச்சமாகுமே என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 11 செ.மீ. உயரத்துக்கு அதே சரிவு வேண்டுமானால் படியின் ஒவ்வொரு பக்கமும் 73 செ.மீ. நீளப் பலகை கிடக்க வேண்டும். ஆத்தா இரவில் எழுந்து அடுப்படிக்குப் போகும் வழி அது. அளவு கொடுக்க ஆசாரியை வரச்சொல்லியிருந்தேன். மறுநாள் காலையே தொலைபேசியில் அழைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.